முள் தாண்டாத தொண்ணூறு

"வேக முள்ளு தொண்ணூறைத் தாண்டக் கூடாது. இந்த டயர் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணு, லாய்ட்."

டயர் கடை நடுவில் மனைவி மேவிஸ் இப்படி மடக்குவார் என்று லாய்ட் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் பெனிட்டோ வேறு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் டயர் மேல் கை வைத்தார்.

"முள்ளு தாண்டாது. போதுமா?"

"போதும். நெஞ்சைப் பிளந்து தச்சு எட்டு மாசம்கூட ஆகலை. அது ஞாபகம் இருக்கட்டும்."

எழுபத்திரண்டு வயதில் லாய்டுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. பாலைவனத்து வறண்ட ஏரியில், தன் கையால் கட்டிய காரில், மணிக்கு நூறு மைல். கூரையில்லாத அந்த முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டை ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தபோது அவருக்கு வயது பத்தொன்பது. முதல் தடவை ஓட்டப்போனபோது இன்ஜின் வெடித்தது. இரண்டாம் தடவை, நூறு வருஷமாகக் காய்ந்து கிடந்த ஏரி அந்த வாரம் பார்த்து நிஜ ஏரியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மூன்றாம் தடவை. அதுவே கடைசி என்று டாக்டரும் மகளும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லியாயிற்று.

"சக்கரம் எப்படி, தலைவரே? அலாய் போட்டுடலாமா? பளபளன்னு மின்னும்" என்று பெனிட்டோ சீண்டினார்.

"அதுக்குக் காரையே ஏரியில புதைச்சிடலாம். இரும்புச் சக்கரம்தான். முன்னால சின்னது, பின்னால பெருசு."

"சிவப்பு பெயின்ட்?"

"வெண்ணெய் நிறம்" என்றார் மேவிஸ்.

வேறு நாளாக இருந்தால் நிறத்துக்காக லாய்ட் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார். இன்று, "சரி, உன் இஷ்டம்" என்று உடனே விட்டுக்கொடுத்தார். அவர் மனசெல்லாம் பின் டயரில் இருந்தது.

காரின் பழைய டயர் உயரம் இருபத்தெட்டு அங்குலம். வேகம் காட்டும் முள் அந்த அளவுக்குப் பழகியது. டயர் உயர்ந்தால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் ஓடும். ஆனால் முள்ளுக்குச் சுற்றுதானே தெரியும், தூரம் எங்கே தெரியும்? அது குறைத்துத்தான் காட்டும். முள் தொண்ணூறில் நிற்க, கார் நூறில் போகும். சத்தியமும் பிழைக்கும், ஆசையும் நிறைவேறும்.

பள்ளிக்கூடத்திலேயே கணக்குக்கும் லாய்டுக்கும் ஏழாம் பொருத்தம். ரெண்டு அங்குலம் கூட்டினால் பத்து மைல் கூடாதா என்ன என்று குத்துமதிப்பாக முடிவு செய்து, முப்பது அங்குல டயரைக் காட்டினார்.

"இது போதும் பெனிட்டோ. பாக்க அம்சமா இருக்கு."

மேவிஸ் கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்தார்.

"அது எதுக்கு?"

"காருக்குப் போர்வை தைக்க வேணாமா? அளவு வேணும்." டயரின் உயரத்தை அளந்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். "இது வேண்டாம். வெள்ளைக் கோடு ஒல்லியா, பஞ்சத்துல அடிபட்ட மாதிரி இருக்கு. அந்த மூலையில இருக்கே, அது."

"அது இன்னும் உசரம், மேடம். லாரி மாதிரி தெரியும்."

மேவிஸ் அதையும் அளந்தார். "தெரியட்டும். கோடு தாராளமா இருக்கு. இதையே போடுங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. லாய்ட் முகத்தை மட்டும் கஷ்டப்பட்டு உம்மென்று வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தரையும் வானமும் ஒரே வெள்ளை. தூரத்து மலைகள் தரையைத் தொடாமல் மிதந்தன. கொடி இறங்கியது.

ஐம்பது. எழுபது. எண்பதைத் தாண்டியதும் உலகத்தின் சத்தமெல்லாம் பின்னாலேயே தங்கிவிட்டது போலிருந்தது. லாய்டுக்கு வயதில்லை, நெஞ்சில் தையல் இல்லை. வெண்ணெய் நிறச் சக்கரங்களுக்குக் கீழே தரை இருக்கிறதா என்பதுகூடச் சந்தேகமாக இருந்தது. முள் தொண்ணூறில் வந்து உட்கார்ந்தது. அதை அங்கேயே பிடித்து வைத்தார். ஒரு மயிரிழைகூடத் தாண்டவிடவில்லை. எல்லைக் கொடி எப்போது வந்தது, எப்போது போனது என்றே அவருக்குத் தெரியாது.

வேகம் அளப்பவர்கள் நீட்டிய சீட்டைப் பார்த்தார். 100.4. கண் மங்கியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, சீட்டை நாலாக மடித்துக் காலுறைக்குள் செருகினார்.

குடை நிழலில் மேவிஸ் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சத்தியம்?"

"முள்ளு தொண்ணூறைத் தாண்டலை. உன் மேல ஆணை!"

"நம்புறேன். காலுறையில இருக்கறதை எடு."

லாய்ட் திருதிருவென்று விழித்தார். வேறு வழியில்லாமல் எடுத்து நீட்டினார். மேவிஸ் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீ பாத்த டயரைப் போட்டிருந்தா தொண்ணூத்தாறுதான் வந்திருக்கும். அழுதுகிட்டே வந்திருப்ப. அதான் முப்பத்தொண்ணேகால் அங்குலமா அளந்து எடுத்தேன்."

லாய்ட் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எல்லாம் தெரிஞ்சேதானா? அப்புறம் எதுக்கு மேவிஸ் தொண்ணூறுன்னு சத்தியம் வாங்கின?"

"நூறுன்னு வாங்கியிருந்தா நீ நூத்திப்பத்துல பறந்திருப்பியே!"