வீரபாகுவின் கம்பி

2024 ஜூன் 16, ஞாயிறு காலை, ஆம்பூரில் வீரபாகுவின் ஆன்டெனா கம்பியை அடுத்த வீட்டு ஆதிகேசவன் அறுத்து இறக்கினார். விதவிதமாக ஆன்டெனா கட்டிச் சோதித்து, வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம் மதிப்புப் பெற்றிருந்த வீரபாகு இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவருடைய ரேடியோ பெட்டியை ரேடியோ சங்கத்தார் ஏற்கெனவே வேலூருக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

"அவரு இருக்கச்ச வாயத் தொறந்தியா? பொணம் போனதும் பிளையர எடுத்துனு வந்துட்ட," என்றார் வீரபாகுவின் மனைவி பங்கஜம்.

"உங்க ஊட்டுக்காரரால என் டிவி பூரா கோடு. பேஜாரு. இனிமே என் துணியாவது காயட்டும்," என்று ஆதிகேசவன் அந்தக் கம்பியையே தன் மாடியில் கொடியாகக் கட்டினார்.

இறந்தவரை வானொலியில் அடையாளம் காட்டிய அழைப்புக் குறியைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டுக் காத்திருப்பது சங்கத்தின் வழக்கம். அடுத்த ஞாயிறு காலை, செயலாளர் கார்முகிலன் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்நேரம் ஈர லுங்கியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த ஆதிகேசவனின் விரல் நுனி வெள்ளையாக வெந்தது. மறுநாளும் வெந்தது. அதற்கு அடுத்த நாளும்.

கார்முகிலன் வந்து விரலைப் பார்த்தார். "ரேடியோவுல பேசறப்போ ஆன்டெனாவத் தொட்டா இப்டித்தான் சுடும்."

"யாருய்யா பேசறது? இது வெறும் கொடி!"

கார்முகிலன் கம்பியின் இரண்டு முனைகளையும் பார்த்தார்; மின்சாரம் கடத்தாத நைலான் கயிற்றில்தான் கட்டப்பட்டிருந்தன.

ஆதிகேசவன் கம்பியை வீரபாகு வீட்டுப் பழைய கம்பத்திலேயே ஏற்றினார். கீழே நின்ற பங்கஜம், "நல்லா இழுத்துக் கட்டு. தொய்வா இருந்தா அவருக்குப் புடிக்காது," என்றார்.

அன்று மாலை ஆதிகேசவனின் டிவியில் மறுபடி கோடு விழுந்தது.