பின்னால் நின்றவள்

"மேடம், இவளை என் குழுவிலேருந்து எடுத்துடுங்க. இல்லைன்னா நான் விலகிக்கிறேன்."

சொன்னவள் பல் சுகாதாரப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி, குழுத் தலைவி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, வண்டியைவிட்டு இறங்கி நேரே கல்லூரியின் சிகிச்சை அறைக்கு வந்திருந்தாள். அங்கே மாஸ்க் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. வாசலிலேயே ஒன்றை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள். கோபம் மாஸ்க்கையும் தாண்டித் தெரிந்தது.

பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள் அவள் குழுத்தோழி. எதற்கும் மறுப்புச் சொல்லாததால் வகுப்பில் அவளுக்குப் பெயர் 'சரிங்க'.

"என்னம்மா ஆச்சு?" என்றார் பேராசிரியை.

"நான் பாடம் நடத்துறப்போ பின்னாடி நின்னு பொம்மைப் பல்வரிசையைப் பிடிச்சுக்கணும். அவ்வளவுதான் இவ வேலை. நான் 'ஈ'ன்னு பல்லைக் காட்டுறேன், வகுப்பே சிரிக்குது. திரும்பிப் பாத்தா, இவ பெரிய பிரஷ்ஷை எடுத்துக் காதைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறா!"

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஒரு தடவைன்னா விளையாட்டுன்னு விடலாம் மேடம். நான் வாயைத் திறக்கிறப்போ எல்லாம் இவ கோமாளித்தனம்! நடுவுல காதுகிட்ட வேற வந்தா. 'பாடம் முடியற வரைக்கும் பேசாதே'ன்னு விரட்டினேன். உடனே தன் பல்லைத் தட்டிக் காட்டி நக்கல் பண்றா!"

"வண்டியில வரும்போது என்னன்னு கேட்டியா?"

"ஏதோ சொல்ல வந்தா. 'எதுவா இருந்தாலும் மேடம் முன்னாடி சொல்லு'ன்னுட்டேன். எனக்கு முதல்லேருந்தே சந்தேகம்தான். என் இடத்து மேல இவளுக்கு ஒரு கண்ணு. எல்லாத்துக்கும் தலையாட்டுறவங்களை நம்பவே கூடாது மேடம்."

பேராசிரியை சரிங்க பக்கம் திரும்பினார். "தலைவிக்கு மட்டுமில்ல, துணைக்கு நிக்கிறவங்களுக்கும் மார்க் உண்டு, தெரியுமில்ல? ஏன் இப்படிப் பண்ணினே?"

சரிங்க நிமிர்ந்து தலைவியை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா? அங்க அந்த ஆட்டம் ஆடினவளுக்கு இங்க வாய் ஒட்டிக்கிச்சு!"

"சரி, வெளியே வாங்க ரெண்டு பேரும். நீ மாஸ்க்கைக் கழட்டிட்டு முதல்லேருந்து நிதானமா சொல்லு. பாதி வார்த்தை உள்ளேயே நின்னுடுது."

தலைவியின் கை மாஸ்க் கயிற்றுக்குப் போனது.

"வேண்டாம் மேடம்!" சரிங்க பதறினாள். "தப்பு என்னோடதுதான். வேணும்னேதான் பண்ணினேன். என்னைக் குழுவிலேருந்து எடுத்துடுங்க."

அகப்பட்டதும் என்ன அவசரம் என்று தலைவி நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியையின் முகம் இறுகியது. "அப்போ உனக்குக் குழு மார்க் கிடையாது. போகலாம்."

"சரிங்க மேடம்."

தலைவி கை கழுவப் போனாள். மாஸ்க்கைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். ஜெயித்த மகிழ்ச்சியில் கண்ணாடியைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தாள்.

முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, பச்சைப்பசேலென்று, மத்தியானம் சாப்பிட்ட கீரை.