ஆள் இல்லாத அறை

மூச்சுக்கு விலை மூவாயிரத்து இருநூறு ரூபாய்.

அசைவுக்கு எழுநூறு.

ஆள் பார்த்து ஏசியை ஓட்டுகிற கருவியில் இந்த இரண்டு தினுசுதான். கூரையில் ஒட்டுவார்கள். விலை கூடியது, உள்ளே இருப்பவர் மூச்சு விட்டாலே ஆள் உண்டு என்று எடுத்துக்கொள்ளும். மலிவானதுக்குக் கையோ காலோ அசைய வேண்டும். கால் மணி நேரம் எதுவும் அசையாவிட்டால் ஆள் இல்லை என்று முடிவுகட்டி ஏசியை நிறுத்திவிடும்.

கரண்ட் மிச்சம்.

ஹாலுக்குக் கூடியதை வாங்கினார் அண்ணாச்சி. தன் அறைக்கும் கூடியது. வருடத்துக்கு இரண்டு முறை வந்து போகிற மகனின் அறைக்கும் கூடியதுதான்.

நான்காவதாக மனைவியின் அறை வந்தபோது பேரம் ஆரம்பித்தது. விருதுநகரில் நாற்பது வருடமாக வத்தல் மிளகாய்க் கமிஷன் கடை. சொன்ன விலைக்கு நான்கு சாமான் வாங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"படுத்த படுக்கையா கெடக்கிறவளுக்கு எதுக்குய்யா இம்புட்டு வெலையில? எந்திரிச்சு எங்க ஓடப் போறா?"

மாட்ட வந்தவர் இழுத்தார். "அதுக்கில்ல அண்ணாச்சி... அம்மா அசையாமப் படுத்திருந்தாங்கன்னா..."

"ஒம் பொருள விக்கத்தான பாக்குற."

இருவரும் சிரித்தார்கள். வியாபாரம் படிந்தது.

இரண்டாயிரத்து ஐந்நூறு லாபம்.

மீதியை மகன் சிவபாலன் பெங்களூரில் உட்கார்ந்தபடி போனிலேயே முடித்தான். கருவி முதலில் கேள்வி கேட்குமாம். உங்களுக்கு என்ன வேண்டும்? குளிர்ச்சியா, தூக்கமா, சிக்கனமா? பிறகு மூன்று வாரம் பார்த்துப் பார்த்து மனதைப் படித்துக்கொள்ளுமாம். அவர் கடையில் சேர்ந்த கணக்குப்பிள்ளை முதலாளியின் மனதை மூன்றே நாளில் படித்துவிட்டான். எங்கே திருடலாம் என்பது உட்பட.

தனபுஷ்பத்தின் அறைக்கும் அதே கேள்வி வந்தது. அவளுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் போய், ஒன்றரை வருடம்.

"அம்மாவுக்கு என்னப்பா போடட்டும்?"

அவர் யோசித்தார். நாற்பத்தொரு வருடத்தில் அவர் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"சிக்கனம்னு போடு."

ஜூன் முதல் தேதி. வியாபாரிகள் சங்க விடுமுறை, கடை இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து ஹாலில் சாய்ந்திருந்தபோது மகன் கூப்பிட்டான்.

"அப்பா, மே மாசக் கரண்ட் கணக்கு வந்திருச்சு. சூப்பர்ப்பா! பாதிக்குப் பாதி கொறஞ்சிருக்கு. எல்லாம் அம்மா ரூம்லதான்."

போனை வைத்த பிறகும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அப்புறம் அது மெல்ல இறங்கியது.

நினைக்காத இடத்தில் லாபம் வந்தால் யாரோ ஏமாந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வியாபாரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வேதம் அது. அந்த யாரோ அவர் வீட்டு ஆளாக இதுவரை இருந்ததில்லை.

போனில் அவள் அறைக் கணக்கைத் திறந்து பார்த்தார்.

திங்கள், பன்னிரண்டே கால் முதல் நாலரை வரை: ஆள் இல்லை.

மறுநாள்: ஆள் இல்லை.

அதற்கு மறுநாளும் இல்லை.

அவளைப் பார்த்துக்கொள்கிற மாரீஸ்வரி பன்னிரண்டு மணிக்கு ஜன்னலை அடைத்து, ஏசியைப் போட்டுவிட்டுப் போவாள். நாலரைக்குத் திரும்பி வருவாள். அவர் கடையில் இருப்பார். ஞாயிறு மட்டும் தனபுஷ்பத்தின் தங்கை பகல் முழுக்கக் கூட இருந்து கதை பேசுவாள்.

"தலகாணியப் பிழிஞ்சா ஒரு சொம்புத் தண்ணி வரும்போல மொதலாளி" என்று போன வாரம் மாரீஸ்வரி சொன்னாள். டாக்டரை வரவழைத்தார். டாக்டர் காய்ச்சல் மாத்திரை எழுதினார். டாக்டர் பீஸிலும் அண்ணாச்சி நூறு ரூபாய் குறைத்தார்.

எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்தார்.

அடுப்படிக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

அவர் கால் உள்ளே பட்டதும் கூரையில் பச்சை விளக்கு எரிந்தது. முதலாளியைக் கண்ட கணக்குப்பிள்ளைபோல ஏசி அவசரமாக ஓடத் தொடங்கியது.

தனபுஷ்பம் நெற்றி முழுக்க நனைந்து கிடந்தாள். அவளுடைய கண்கள் வாசலில் இருந்து கட்டில் வரை அவர் கூடவே வந்தன.

எழுநூறு ரூபாய்க் கருவிக்குக் கண் அசைவது அசைவில் சேராது.

துண்டால் அவள் நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். போனில் தேடினார். கருவியை விலக்கிவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று. அழுத்தினார்.

அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்தார். காலைச் சேர்த்தார்.

மே மாதத்தில் ஞாயிறு போக இருபத்தாறு நாள். நாளுக்கு நாலே கால் மணி.

இங்கேயும் நிற்கட்டும்.

அசையாமல் இருந்தார். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது. விரட்டவில்லை. சிவபாலன் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

கால் மணி ஆனது. ஏசி நிற்கவில்லை.

அரை மணி.

மூச்சை அடக்கிப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது நெஞ்சு எவ்வளவு தாங்கும்? திணறி, வாயைப் பிளந்து, மறுபடி இழுத்தார். ஆள் உண்டு என்று பச்சை விளக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

குளிர்ந்த காற்று அவர் மேல் விழுந்துகொண்டே இருந்தது.

கழிந்தது ஒன்றுமில்லை.

பாக்கி, நூற்றுப் பத்தரை மணி.