உண்டியல் படம்

நாலாவது கவுண்டர் பெண் மட்டும் அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்றாள்.

ஈஸ்டருக்கு இன்னும் ஒரு வாரம். பகாவ் நகரத்தின் அந்த சூப்பர் மார்க்கெட்டில் முட்டைச் சாயமும் வால்நட்டும் அள்ளிக்கொண்டு போகும் கூட்டம். ஒவ்வொரு கவுண்டரிலும் ஓர் உண்டியல், உண்டியல் மேல் ஒரு சிறுமியின் படம்.

பில் போட்டு முடித்ததும் சொல்ல வேண்டியது ஒரே வரிதான். மீதிச் சில்லறையை இந்தக் குழந்தைக்குப் போட்டுவிடட்டுமா? யோசிக்க நேரம் தராமல், பர்ஸ் திறந்திருக்கும்போதே, சிரித்துக்கொண்டு.

வரியை எழுதியவள் ருக்சாந்த்ரா. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான ஒரு சங்கத்துக்கு நிதி திரட்டுவது அவள் வேலை.

சூப்பர்வைசர் கொஸ்மின் முகம் சிவந்து நின்றான். வரியைச் சொல்லாதவர்களுக்குப் போனஸ் கிடையாது, இது மேலிடத்து உத்தரவு என்றான். இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, இப்படி அடம்பிடித்தால் வேலையே போகும் என்றான்.

ருக்சாந்த்ரா அவளைத் தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்த ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஓட்டிலியா என்று இருந்தது. இருபத்து நாலு வயது இருக்கலாம்.

கூச்சமா என்று கேட்டாள் ருக்சாந்த்ரா. இல்லை என்றாள். பிச்சை எடுப்பது போல் இருக்கிறதா என்று கேட்டாள்.

"எனக்கு நானே பிச்சை கேக்கச் சொல்றீங்க மேடம். அந்தப் படத்துல இருக்கறது நான்தான்."

ருக்சாந்த்ரா சிரிக்கப் பார்த்தாள். பிறகு அவளுடைய இடது புருவத்தைப் பார்த்தாள்.

நடுவில் முடி முளைக்காத வெட்டுத் தழும்பு. படத்திலும் அதே இடத்தில். அச்சுக்கு அனுப்பும்போதெல்லாம், தழும்பை அழித்துவிட வேண்டாம் என்று ருக்சாந்த்ராதான் தனியாக எழுதி அனுப்புவாள்.

மொட்டையடித்த தலை. இரண்டு கையாலும் பிடித்த தகர டம்ளர். ருக்சாந்த்ரா சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் படம் இருந்தது. வேறு பிள்ளைகளின் படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். வசூல் பாதியாக விழுந்தது. திரும்ப இதையே போட்டார்கள்.

படத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டது அந்தச் சிறுமி வளர்ந்த ஆதரவற்றோர் இல்லத்தின் அன்றைய பொறுப்பாளர். ஐந்து வயதுப் பிள்ளையை யார் கேட்பார்கள்?

ஓட்டிலியா அழவில்லை. ஹோமில் வளர்ந்தவள் என்று தெரிந்தால் இவள் கல்லாவை மட்டும் இரண்டு தரம் எண்ணுவார்கள், அதைத் தாங்கிக்கொள்வாள். ஆனால் ஜூனில் கல்யாணம். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா அம்மா விபத்தில் போய்விட்டார்கள், அத்தை வளர்த்தாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா சனிக்கிழமைதோறும் இந்தக் கடைக்குத்தான் வருவாள், இன்றும் வருவாள். இவள் கவுண்டரில்தான் நிற்பாள்.

"எல்லா இடத்துலயும் எடுக்கச் சொல்லல மேடம். என் கவுண்டர்ல மட்டும் எடுத்துடுங்க. பக்கத்துல வெச்சுப் பாத்தா யாருக்கும் தெரிஞ்சிடும்."

ருக்சாந்த்ரா நேரே போய் படத்தில் கை வைத்தாள். கொஸ்மின் தடுத்தான். ஒப்பந்தப்படி எல்லாக் கவுண்டரிலும் படம் இருந்தாக வேண்டும், உங்கள் இயக்குநர் சொன்னால் எடுக்கிறேன் என்றான்.

அந்த ஒப்பந்தத்தை எழுதியதும் அவள்தான்.

வாசலுக்கு வெளியே போய் இயக்குநரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள். கடவுளே என்றார் அவர். கலங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

"வரம்னு நினைச்சுக்க ருக்சி. அன்னிக்கு எப்படி இருந்தா, இன்னிக்கு எப்படி இருக்கா. ரெண்டு படத்தையும் ஒட்டிப் போட்டா போதும், காசு கொட்டும்."

வேண்டாம் என்றாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னாள். வயது முடிந்து இல்லத்திலிருந்து வெளியே வந்த ஆறு பெண்களுக்கு இந்த உண்டியல் காசில் நாம் கட்டும் வீட்டு வாடகையை யோசித்துப் பார் என்றார் அவர்.

அவள் போனை வைத்தாள். அந்தப் பெண்கள் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடைக்குள் திரும்புவதற்குள் இயக்குநரிடமிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது. கடையின் தலைமை அலுவலகத்தோடு பேசிவிட்டாராம். அவர்களுக்கு ஏக சந்தோஷமாம். திங்கட்கிழமை போட்டோகிராபர் வருகிறாராம். அந்தப் பெண்ணிடம் அவர்களே பேசிக்கொள்வார்களாம்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாலாவது கவுண்டர் பக்கம் வந்தாள்.

ஓட்டிலியா பில் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே, தலையில் நீலத் துண்டு கட்டிய ஒரு அம்மா. எலும்பும் தோலுமாகிவிட்டாய், என் மகன் உன்னை நன்றாகத்தான் கவனிக்கிறான் போ என்று கேலி பேசியபடி முட்டை அட்டைகளை எடுத்து வைத்தாள்.

கொஸ்மின் பின்னால் கைகட்டி நின்றான்.

ஓட்டிலியா நிமிர்ந்தாள். சொல்லிக் கொடுத்தபடியே சிரித்தாள். வரியைச் சொன்னாள்.

அந்த அம்மா உண்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். சில்லறையோடு பத்து லேய் நோட்டு ஒன்றையும் மடித்துப் போட்டாள்.

"எத்தனை வருஷமா போட்டுக்கிட்டிருக்கேன். இந்தப் பொண்ணு மட்டும் வளரவே மாட்டேங்குது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஓட்டிலியாவும் சிரித்தாள். நெற்றி முடியைப் புருவம் வரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அந்த அம்மாவின் கண் ருக்சாந்த்ராவின் கழுத்தில் தொங்கிய சங்க அட்டையில் விழுந்தது.

"ஏம்மா, நீ அந்த ஆபீஸ்தானே? இந்தப் புள்ள பேரு என்ன? நாளைக்கு சர்ச்ல பாதிரியார் வேண்டிக்கறதுக்குப் பேரு எழுதிக் குடுக்கணும்."

ரசீதைக் கிழித்த ஓட்டிலியாவின் கை அப்படியே நின்றது.

"தெரியாதும்மா" என்றாள் ருக்சாந்த்ரா.

அன்று காலை வரை அது உண்மைதான். இனி அந்தப் பொய் திங்கட்கிழமை வரைதான் தாங்கும்.