கட்டியைக் கொல்லும் உரிமை

ஆளைக் கொன்ற புற்றுக்கட்டியை வீட்டார் தங்கள் கையாலேயே கொல்லலாம் என்று சட்டம் வந்ததும், பேச்சித்தாய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள். அங்கே கண்ணாடி ஜாடிக்குள், அவள் புருசன் முருகையாவின் விதைப்பையிலிருந்து அறுத்தெடுத்த கட்டி இன்னும் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது.

அதை வளர்த்த டாக்டர் ஞானசெல்வி குறுக்கே நின்றார். "அம்மா, இதுல சுரக்குற நீருதான் நிணநீர்ப் புற்றுநோயக் கரைக்குதுன்னு கட்டுரை போட்டிருக்கேன். எத்தனையோ பேரு பொழைச்சிருக்காங்க."

"எம்புருசன் பொழச்சாரா?"

டாக்டரை நெட்டித் தள்ளிவிட்டு ஓங்கிப் போட்டாள். ஜாடி சிதறியது. "அவரு மொட்டத் தலையோட செத்தாரே, பாவி, நீ மட்டும் கொழுத்துக் கெடக்கியா!" என்று கத்திக் கத்தித் தரையில் கிடந்த சதையை நசுக்கினாள். கண்ணாடி கிழித்து அவள் கையிலும் ரத்தம் கொட்டியது.

கடைசி அடியில் கட்டி பிளந்தது. உள்ளே ஒரு கொத்து முடி.

"சில கட்டிக்குள்ள முடி முளைக்கும்மா," என்றார் டாக்டர், விழுந்த இடத்திலிருந்தே.

மருந்து ஏற்றி முடி கொட்டுமுன் முருகையாவின் தலையில் இருந்த அதே சுருட்டை முடி. குழவி கையைவிட்டு நழுவியது. பேச்சித்தாய் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ரத்தக் கையாலேயே அந்த முடியைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.

"எண்ணெ காணாம எப்படிக் கெடக்கு பாருங்க," என்றாள்.