தலை எண்ணிக்கை

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விமானம் ஓட்டுகிறேன். பெற்றோரோ மாமனார் மாமியாரோ, யாராவது இரண்டு பேருக்கு இலவச டிக்கெட் உண்டு. மாப்பிள்ளை மிடுக்கில் மாமனார் வீட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா போனில் கேட்டபோது, "பெத்தவங்களுக்குக் கிடையாதுப்பா, கம்பெனி ரூல்" என்றேன்.

"ரூல்னா என்ன பண்றது? நீ வேலையைப் பாரு" என்றார். விமானம் ஏறாமலே போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதிலிருந்து தலை எண்ணிக்கை உதைக்கிறது. கதவைச் சாத்துவதற்கு முன் பணிப்பெண் பயணிகளை எண்ணிச் சொல்வாள். அது என் கையிலிருக்கும் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். எப்போதும் ஒன்று கூடுதலாக வரும். மறுபடி எண்ணச் சொல்வேன், சரியாகிவிடும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்று காலை வந்தவள் நம் பாஷை பேசுகிற பெண்.

"நூத்தி நாப்பத்தி மூணு சார்."

"பேப்பர்ல நாப்பத்தி ரெண்டுதான். இன்னொரு தடவை எண்ணுங்க."

போனவள் சற்றுத் தாமதித்தே திரும்பினாள்.

"கடைசி வரிசையில ஒரு பெரியவர் சார். டிக்கெட் கேட்டேன். 'ரூல்னா இறங்கிக்கிறேம்மா. பைலட்கிட்ட மட்டும் சொல்லிடாதே, அவனுக்குச் சங்கடமா இருக்கும்'னார்."

"இப்ப?"

"இப்பக் கணக்கு சரியா இருக்கு சார். கதவைச் சாத்திடலாமா?"

துணை விமானி என் முகத்தைப் பார்த்தான்.

"சாத்திடுங்க" என்றேன்.