குடையின் நிறம்

நகரத்தின் பழைய புகைப்படங்களைக் கண்காட்சியாக மாட்டியிருந்தார்கள். ஒரு மழைநாள் கடைத்தெருப் படத்தின் முன்னால் நான் நின்றுவிட்டேன். கடிகாரக் கடையின் தகரக் கூரையைத் தாண்டி, ஒரு பெண் முதுகு காட்டி நடந்துபோகிறாள். அவள் பிடித்திருக்கும் குடை மிளகளவு கறுப்புப் புள்ளி.

"இந்தத் தகரத்துக்குக் கீழதான் உனக்காக நின்னுக்கிட்டிருந்தேன். நீ நீலக் குடையோட வந்தே. நமக்கு நிச்சயம் ஆன வாரம்" என்றேன் மனைவியிடம்.

"கல்யாணம் வரைக்கும் எங்கப்பா என்னை வாசப்படி தாண்ட விட்டதில்லைங்க" என்றாள் மரகதம்.

உண்மைதான். மாமனார் அப்படிப்பட்ட மனிதர். அப்படியென்றால் அன்று என் தோளை உரசியபடி பஸ் ஸ்டாண்டு வரை வந்தது யார்? நாற்பத்திரண்டு வருடங்களாக அந்த நனைந்த முகத்தை மரகதத்தின் முகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எவ்வளவு முயன்றும் குடை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. முகம் வரவில்லை.

மரகதம் அடுத்த படத்துக்கு நகர்ந்திருந்தாள்.

"நீலமில்ல, பச்சை" என்றாள் திரும்பாமலே. "ஒரு கம்பி ஒடஞ்சிருக்கும். எங்க அக்கா அதை வெள்ளை நூல் சுத்திக் கட்டி வச்சிருந்தா."